வாலிப வயதில் வைரஸ் காய்ச்சல் சிலரை மட்டும் ஏன் கொல்கிறது?

சென்ற மலரில் தண்டவாளப் பராமரிப்பைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இன்னொன்று எழுதிக் கொடுங்கள் சார்" என்று ஆசிரியர் கேட்டிருந்தார். இம்முறை எனக்கு நேரடிச் சம்பந்தமில்லாத மருத்துவ விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சிவில் டிப்ளமா படித்து, 1983ல் பயிற்சி பி.டபிள்யூ.ஐ.யாக ரெயில்வேயில் சேர்ந்து, முப்பத்தேழு வருஷம் தண்டவாளத்தையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு 2020ல் ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால், நான்கு வருஷமாகக் கிடைத்ததையெல்லாம் படித்து, தெரிந்த டாக்டர்களை நச்சரித்து, ஓரளவு புரிந்துகொண்டேன். புரிந்ததை அன்பர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

2021 ஏப்ரல் மாதம் இங்கே நாக்பூரில் எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. என் தங்கை வீட்டில் முதலில் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் தங்கைக்கு. அதற்கு இரண்டு நாள் கழித்து அவர்கள் மகனுக்கு. மாப்பிள்ளைக்கு வயது அறுபத்தொன்று, சர்க்கரை உண்டு. பத்து நாள் இருமிவிட்டு எழுந்துவிட்டார். தங்கைக்கு இரண்டே நாள் காய்ச்சல். பையனுக்கு வயது இருபத்தேழு. சர்க்கரை கிடையாது, பி.பி. கிடையாது, ஞாயிறு தவறாமல் கிரிக்கெட் ஆடுகிறவன். ஆறாம் நாள் மூச்சு முட்டியது. பதினோராம் நாள் போய்விட்டான். அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் தடுப்பூசி. பதினெட்டு வயதிலிருந்து எல்லோருக்கும் என்பது மே முதல் தேதிதான் ஆரம்பித்தது.

அன்றிலிருந்து என் தங்கை சொல்வது ஒன்றுதான்: "நான்தான் அண்ணா அவனுக்குக் கொடுத்தேன். ரூமை விட்டு வெளியே வந்திருக்கக் கூடாது." சொந்தக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் ஆவி பிடிக்கவில்லை என்றார், இன்னொருவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் முந்திப் போயிருக்கலாம் என்றார்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஒரு டிசம்பர் மாதத்து விடியற்காலை. மத்தியப் பிரதேசத்து மலைச்சரிவில் என் செக்‌ஷன். கீமேன் ஓடி வந்து, கிலோமீட்டர் கல் நம்பரைச் சொல்லி, ரெயில் முறிந்திருக்கிறது என்றான். போய்ப் பார்த்தால் சுத்தமாக இரண்டாக வெட்டியது போல் இடைவெளி. குளிரில் நீண்ட வெல்டிங் தண்டவாளம் சுருங்கப் பார்க்கும். சுருங்க இடம் இல்லாததால் உள்ளே இழுவிசை ஏறும். ஆனால் அந்தக் குளிர் அந்தப் பக்கம் முழுவதும்தான் இருந்தது. அதே வண்டிகள்தான் எல்லா ரெயில் மேலும் ஓடின. ஒரே தொழிற்சாலை, ஒரே வருஷத்து ரெயில். ஏன் அந்த ஒன்று மட்டும்? முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால் விடை தெரியும். ரெயிலின் தலைப்பகுதிக்குள், சிறுநீரக வடிவில் ஒரு கறுத்த வட்டம். எஃகு உருக்கும்போது உள்ளே சிக்கிய ஹைட்ரஜனால் ஏற்பட்ட நுண்ணிய வெடிப்பு, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். அல்ட்ராசோனிக் மெஷின் வைத்துத் தள்ளினால்தான் தெரியும். குளிர் அதை உண்டாக்கவில்லை, வெளியே கொண்டுவந்தது.

மனிதரிலும் அப்படி உள்ளே பிறவியிலேயே ஒரு வெடிப்பு இருக்க முடியுமா? இருக்க முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள்.

முதல் வலுவான சான்று டென்மார்க்கிலிருந்து 1988ல் வந்தது. அந்த நாட்டில் சுவீகாரம் கொடுத்த குழந்தைகளின் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது. 1924 முதல் 1926 வரை பிறந்து, பிறகு வேறு குடும்பத்தில் வளர்ந்தவர்களில் 960 குடும்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். பெற்ற தாயோ தந்தையோ ஐம்பது வயதுக்குள் தொற்றுநோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளையும் தொற்றுநோயால் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்தே முக்கால் மடங்குக்கும் கொஞ்சம் கூட இருந்தது. வளர்த்த பெற்றோர் அப்படி இறந்திருந்தால் அத்தகைய ஏற்றம் தெரியவில்லை. தொற்றுநோய் என்றால் கிருமி, அழுக்கு, வறுமை என்றே நாம் நினைக்கிறோம். அவையெல்லாம் வளர்த்த வீட்டு விஷயங்கள். ரத்த வழியில் வருவது அதைவிடப் பலமாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 1957ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் என்ற இருவர், ஃப்ளூ வைரஸ் பட்ட கோழிமுட்டைச் சவ்வு ஒரு பொருளை வெளியிடுகிறது, அந்தப் பொருள் பட்ட மற்ற சவ்வுகளில் வைரஸ் வளரத் தடுமாறுகிறது என்று கண்டார்கள். அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். நம் உடம்பில் ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததும் முதல் சில மணி நேரத்தில் காப்பாற்றுவது இதுதான். ஆன்டிபாடி உண்டாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாக்குப் பிடிக்க வேண்டுமே!

ரெயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். டி.எல்.ஆர்.3, டி.எல்.ஆர்.7 என்று பெயருள்ள புரதங்கள் செல்லுக்குள் கீமேன் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. வைரஸின் ஆர்.என்.ஏ. கண்ணில் பட்டால் அவை செய்தி அனுப்பும். செய்தி சில கைகள் மாறி ஐ.ஆர்.எஃப்.7 என்ற புரதத்தை அடையும். அது ஸ்டேஷன் மாஸ்டர். அவர் உத்தரவு கொடுத்தால் இன்டர்ஃபெரான் தயாராகி வெளியே போகும். பக்கத்துச் செல்களின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஐ.எஃப்.என்.ஏ.ஆர்.1, 2 என்ற இரண்டு பகுதி சேர்ந்த ஒரு வாசல் இருக்கிறது. வாங்கியதும் அந்தச் செல்கள் நூற்றுக்கணக்கான ஜீன்களைத் தட்டி எழுப்பி, வைரஸ் வந்தாலும் பெருக முடியாதபடி கதவை அடைத்துக்கொள்ளும். அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லி வண்டியை நிறுத்துவது போலத்தான்.

இந்த வரிசையில் ஒரு ஆள் இல்லாமல் போனால்? முறிவு நடந்தது யாருக்கும் தெரியாது. வைரஸ் நாலைந்து நாள் சத்தமில்லாமல் பெருகும். பிறகு உடம்பு திடீரென்று விழித்துக்கொண்டு, இருக்கிற படையை எல்லாம் நுரையீரலுக்கு அனுப்பும். அந்த அழற்சியில்தான் மூச்சு நிற்கிறது. ஆறாம் நாள் மூச்சு முட்டியது என்று எழுதினேனே, அந்தக் கணக்கு எனக்கு இப்போது புரிகிறது.

இது ஊகம் இல்லை என்பதற்குக் கொரோனாவுக்கு முந்திய உதாரணம் ஒன்று உண்டு. 2011ல் பிரான்சில் இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்குச் சாதாரண ஃப்ளூ வந்து, நுரையீரல் செயலிழந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தது. பாரிஸிலும் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி செய்யும் ழான்-லோரான் கசனோவாவின் குழுவினர் அந்தக் குழந்தையின் ஜீன்களைப் படித்து 2015ல் வெளியிட்டார்கள். ஐ.ஆர்.எஃப்.7 ஜீனில் அப்பாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, அம்மாவிடமிருந்து வேறு விதமாகப் பழுதான இன்னொரு பிரதி. பெற்றோர் இருவரும் நல்ல ஆரோக்கியம். ஆளுக்கு ஒரு நல்ல பிரதி இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைக்கு இரண்டும் பழுது.

பிறகு 2020 வந்தது. அந்த ஜூலையில் ஹாலந்து நாட்டு டாக்டர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையைத்தான் நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். சம்பந்தமில்லாத இரண்டு குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சகோதரர்கள். நால்வருக்கும் வயது 21லிருந்து 32க்குள். முன்பு பெரிய வியாதி எதுவும் கிடையாது. நால்வரும் வென்டிலேட்டருக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார். வயதானவர்களுக்குத்தான் இந்த நோய் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரே வீட்டில் இரண்டு வாலிபர்கள் என்பது டாக்டர்களுக்கு உறுத்தியிருக்கிறது. ஜீன்களைப் பார்த்தால், டி.எல்.ஆர்.7ல் பழுது. ஒரு குடும்பத்தில் நான்கு எழுத்துக்கள் விடுபட்டிருந்தன, மற்றதில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அவ்வளவுதான். முந்நூறு கோடி எழுத்துள்ள புத்தகத்தில் நான்கு எழுத்து.

டி.எல்.ஆர்.7 ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கிறது. ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. ஆகவே இந்தப் பழுது அம்மா வழியாக மகனுக்கு வரும், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பழுது உள்ள அம்மாவின் ஒவ்வொரு மகனுக்கும் சரிபாதி வாய்ப்பு. மகளுக்கும் சரிபாதி, ஆனால் அவள் சுமப்பவள் மட்டுமே. 2021ல் வெளியான பெரிய ஆய்வில், உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 1,202 ஆண்களில் 16 பேருக்கு இந்தப் பழுது இருந்தது. அறுபது வயதுக்குக் குறைந்தவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 1.8 சதவீதம்.

மற்றக் கண்ணிகளைப் பற்றியும் ஆய்வு உண்டு. 2020 இலையுதிர் காலத்தில் கசனோவா குழுவினரும் பல நாட்டு டாக்டர்களும் சேர்ந்து, கடுமையான நிமோனியா வந்த 659 பேரிடம் இந்தச் செய்தி வரிசையின் பதின்மூன்று ஜீன்களைப் பார்த்ததில் 23 பேருக்குப் பழுது. அவர்களில் நான்கு பேருக்கு ஐ.ஆர்.எஃப்.7 அல்லது ஐ.எஃப்.என்.ஏ.ஆர்.1 அடியோடு வேலை செய்யவில்லை. வயது 25லிருந்து 50. அதுவரை அவர்கள் ஆரோக்கியமாகவே இருந்திருக்கிறார்கள்! எத்தனை வைரஸ் காய்ச்சலைக் கடந்து வந்திருப்பார்கள்? ஆகவே பழுது இருந்தால் அடுத்த காய்ச்சலிலேயே போய்விடுவார்கள் என்று அர்த்தமில்லை. உள்வெடிப்பு உள்ள ரெயிலும் வருஷக்கணக்கில் வண்டியைத் தாங்குகிறது.

இதே சமயத்தில் வந்த இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 987 கடும் நோயாளிகளில் குறைந்தது 101 பேருக்கு, தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் இருந்தன. 101ல் 95 பேர் ஆண்கள். அனுப்பிய தந்தியை வழியிலேயே ஒருவன் கிழித்துப் போடுவது மாதிரி. ஆனால் இது வயதானவர்களிடம்தான் அதிகம். வாலிபர் விஷயத்தில் பிறவிப் பழுதைத்தான் முதலில் தேட வேண்டும்.

கொரோனாவுக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை இது. ஈ.பி.வி. என்ற வைரஸ் நம்மில் அநேகமாக எல்லோருக்கும் வந்து போயிருக்கும்; வாலிப வயதில் வந்தால் தொண்டைவலி, காய்ச்சல், நெறிகட்டுதல். 1975ல் டேவிட் புர்ட்டிலோ என்ற அமெரிக்க டாக்டர், ஒரே குடும்பத்தில் ஆறு ஆண் பிள்ளைகள் இந்த வைரஸ் சம்பந்தமாக மடிந்ததை எழுதினார். அதுவும் எக்ஸ் குரோமோசோம் வழியே வந்தது. ஜீன் எது என்று தெரிய 1998 வரை ஆயிற்று.

இதெல்லாம் அபூர்வமான பழுதுகள். நம் நாட்டுக்கு நெருக்கமான, பரவலான விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது குரோமோசோமில் சுமார் ஐம்பதாயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, கடுமையான கொரோனாவோடு சம்பந்தப்பட்டது என்று 2020ல் தெரிந்தது. அந்தத் துண்டு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று ஸ்வாந்தே பேபோவும் ஹியூகோ செபெர்க்கும் அதே வருஷம் காட்டினார்கள். (பேபோவுக்கு 2022ல் நோபல் பரிசு கிடைத்தது, பழைய எலும்புகளின் ஜீன்களைப் படித்ததற்காக.) ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேரிடம் இந்தத் துண்டு இருக்கிறது. நம் தெற்காசியாவில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம். பங்களாதேஷில் 63 சதவீதம். 2021ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், இந்தத் துண்டில் வேலையைக் கெடுப்பது எல்.இசட்.டி.எஃப்.எல்.1 என்ற ஜீனாக இருக்கும், நுரையீரல் செல்கள் வைரஸுக்கு எதிராகத் தம்மை மாற்றிக்கொள்வதை அது தாமதப்படுத்துகிறது என்றார்கள். அறுபது வயதுக்குக் கீழே இதன் பாதிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆபத்து இரண்டு மடங்கு என்றால் எதன் இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, லட்சத்தில் பத்துப் பேர் சாகிற வயது என்று வைத்துக்கொண்டால், அது இருபதாகும். பாக்கி 99,980 பேர் பிழைத்துத்தான் இருப்பார்கள். நம்மில் பாதிப் பேர் அந்தத் துண்டோடு உட்கார்ந்துதான் இந்த மலரைப் படித்துக் கொண்டிருக்கிறோம். அபூர்வப் பழுது வேறு, இந்தப் பரவலான துண்டு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

வைத்தியம் உண்டா என்று கேட்பீர்கள். இன்டர்ஃபெரானை ஊசியாகக் கொடுத்தால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 2020ல் பலன் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும்போது நேரம் கடந்துவிடுகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வண்டி தடம் புரண்ட பிறகு சிவப்புக் கொடி காட்டி என்ன? முந்தியே பழுது தெரிந்தால்தான் உதவி செய்ய முடியும். தடுப்பூசி போட்டுக்கொண்டால் ஆன்டிபாடி முன்கூட்டியே தயாராக இருக்கும். அந்த பிரெஞ்சுக் குழந்தைக்கு வருஷாவருஷம் ஃப்ளூ ஊசி போட்டார்கள், மறுபடி அப்படிப் படுக்கவில்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே டாக்டரிடம் போவது இன்னொன்று. ஆனால் ஐ.எஃப்.என்.ஏ.ஆர்.1 அடியோடு இல்லாத வெகு சிலருக்கு, உயிருள்ள பலவீன வைரஸ் வைத்துச் செய்யும் தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளே ஆபத்தாக முடிந்ததுண்டு. அது கோடியில் ஒருவர் கதை. அதைச் சாக்காக வைத்துக் குழந்தைக்கு ஊசி போடாமல் இருப்பது முட்டாள்தனம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் பெரியண்ணன் 1978ல் தன் இருபத்தோராவது வயதில் இறந்தார். விஷக்காய்ச்சல் என்றார்கள். எட்டே நாள். எங்கள் பாட்டி, "நம்ம பொண்ணுங்க வயித்துப் பையனுங்களுக்கு ஆயுசு கெட்டி இல்லடா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். தன் தம்பி ஒருவர் வாலிபத்தில் போனதையும் சேர்த்துச் சொல்வாள். நாங்கள் அதைக் கிழவி புலம்பல் என்று விட்டுவிட்டோம். ஹாலந்துக் கட்டுரையில் எக்ஸ் குரோமோசோம் என்று படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டி சொன்ன மூவரும் அம்மா வழி ஆண்கள். டைஃபாய்டாக இருந்திருக்கலாம், மூன்றும் மூன்று வியாதியாக இருந்திருக்கலாம். பெரியண்ணனுக்கு எந்த ரிப்போர்ட்டும் கிடையாது. தங்கை மகனின் ரத்தத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. அந்த நாட்களில் யாருக்குத் தோன்றும்? எனக்கும் அதே அம்மாதான். ஆனால் 2020 செப்டம்பரில் எனக்குக் கொரோனா வந்து மூன்று நாளில் போய்விட்டது. பழுது இருந்தால் எனக்கு வரவில்லை போலும். இருந்தாலும் என் மகனுக்கு நான் கொடுத்திருக்க முடியாது. அவனுடைய எக்ஸ் என் மனைவியுடையது.

தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வருஷம் யோசித்தேன். ரூமை விட்டு வெளியே வந்ததால் அவன் சாகவில்லை, அந்த வைரஸ் அந்த மாதம் தெருவில் எல்லோர் வீட்டிலும் இருந்தது, அவன் உடம்புக்குள் ஏதோ ஒன்று குறைந்திருக்கலாம் என்று சொன்னால் அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஒருநாள் சொல்லியும்விட்டேன். பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அந்தக் கொறையும் என்கிட்டேர்ந்துதான் வந்ததா அண்ணா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் சொன்னேன், "அப்படியே இருந்தாலும் நீ கொடுத்ததில்லம்மா. உனக்கு நம்ம அம்மா கொடுத்தது, அம்மாவுக்குப் பாட்டி கொடுத்தது. யாருக்கும் தெரிஞ்சு கொடுக்கல." சமாதானமானாளா என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை என்மேல் ஒரு மாதம் பேசவில்லை. செத்தவன் செத்துவிட்டான், இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் தங்கைக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பையன். பூனாவில் இருக்கிறார்கள். விஷயம் அவள் காதுக்குப் போய், அவளே போன் செய்து, "மாமா, என் பையனுக்கும் இருக்குமா?" என்று கேட்டாள். இருந்தால்தானே என்றேன். தங்கைக்கு இந்தப் பழுது உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் மகளுக்கு வர பாதி வாய்ப்பு, அவளிடமிருந்து பேரனுக்கு அதிலும் பாதி. ஆக நாலில் ஒன்று. தங்கைக்கு இல்லை என்றால் இந்தக் கணக்கே கிடையாது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது தங்கையின் ரத்தத்தை. இங்கே எங்களுக்குத் தெரிந்த குழந்தை டாக்டர் சொன்னதும் அதுவே. பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைகளைப் பரிசோதிக்க சண்டிகரில் பி.ஜி.ஐ. இருக்கிறது, மும்பையில் ஐ.சி.எம்.ஆர். நடத்தும் தேசிய இம்யூனோஹெமடாலஜி நிறுவனம் இருக்கிறது, மும்பை உங்களுக்குப் பக்கம் என்றார். ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், கிடைக்காவிட்டால் எதுவுமே இல்லை என்று அர்த்தமில்லை, தெரிந்த ஜீன்களில் இல்லை என்றுதான் அர்த்தம் என்றும் எச்சரித்து அனுப்பினார். நாங்கள் மெஷின் தள்ளிவிட்டு எழுதும் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதுவோம்: இந்தத் தேதியில், இந்த மெஷினில், பழுது தென்படவில்லை.

தங்கை முதலில் வரமாட்டேன் என்றாள். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்" என்றாள். போன வாரம் பேரன் வந்திருந்தான், சளி, லேசான காய்ச்சல். ராத்திரி முழுக்க அவன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். காலையில் எனக்குப் போன் வந்தது. அடுத்த மாதம் விதர்பா எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். தங்கைக்கும் எனக்கும் இரண்டு; மூன்றாவது மாப்பிள்ளைக்கு, அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது.